நாலு பார் வித்துவான்

லண்டனில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் இசைப் பக்கம் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த ஆசாமியைத் தெரியாமல் இருக்காது. பகலில் ஏதோ ஓர் ஆபீஸ், இரவில் டிரம்ஸ். வீட்டில் டிரம்ஸ் கிடையாது, குச்சிகூடக் கிடையாது. ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், சத்தத்தைப் பதிந்து வெட்டித் தரும், 1988-இல் வந்த அகாய் எஸ்950 சாம்ப்ளர் ஒன்று, அவ்வளவுதான். லேப்டாப்பிலேயே இதைவிடத் துல்லியமாகச் சத்தம் வருமே என்று சொல்லிப் பாருங்கள். "அந்தக் கரகரப்பு வருமா?" என்பார்.

மூலதனம் ஆறேழு வினாடி. 1969-இல் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டின் நடுவே கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று டிரம்ஸ்; 'பிரேக்' என்பார்கள். இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டு அது. தொண்ணூறுகளில் லண்டன் பையன்கள் அதன் வேகத்தைக் கூட்டி, வெட்டி ஒட்டி, ஜங்கிள் என்று ஒரு புது வகையையே கிளப்பிவிட்டார்கள்.

நம்மவரும் வெட்டுகிறார். வேகம் நிமிடத்துக்கு 170 அடி. மூன்றாவது பாரில் ஒரு ஸ்னேர். திரையில் தாளக் கட்டத்துக்குள் கச்சிதமாக விழுந்தால், "மெஷின் வாசிக்குது" என்று முகம் சுளித்து, பத்து மில்லிசெகண்ட் தள்ளுவார். "இப்ப போதையில வாசிக்குது." நாலு மில்லிசெகண்ட் திரும்ப இழுப்பார். பிறகு கோஸ்ட் நோட்டுகள்; பெரிய அடிகளுக்கு நடுவே காதில் பட்டும் படாமலும் போகிறவை. அவற்றின் வெலாசிட்டி, அதாவது அடியின் பலம், 31-ஆ, 33-ஆ? இரவு இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பி இரண்டையும் போட்டுக் காட்டுவார். "ரெண்டாவதுதான் நல்லாருக்கு" என்பார் அந்த அம்மாள், தூங்கப் போகிற அவசரத்தில். "அது நேத்துப் போட்டதாச்சே!" அப்புறம் அன்றிரவு யாருக்கும் தூக்கமில்லை.

இத்தனை பாடும், ஒரு மனுஷன் யோசிக்காமல் வாசித்த மாதிரி கேட்க வேண்டும் என்பதற்காக! அந்த மனுஷனுக்கோ ராயல்டி என்று ஒரு காசு வந்ததில்லை. 2006-இல் வறுமையில் செத்துப்போனார். இதைச் சொல்லும்போது நம்மவருக்குக் கண் கலங்கும். கலங்கியபடியே நாலாவது பாரை நறுக்குவார்.

பாட்டு எப்போது வரும் என்று கேட்டால், "டிரம்ஸ் முடியட்டும், பேஸ் போட்டுடலாம்." அதற்குள் நண்பர் ஒருவர் அதே பிரேக்கை வெட்டாமல், நகர்த்தாமல், வேகத்தை மட்டும் கூட்டிச் சுற்றவிட்டு, மேலே ஒரு பேஸைப் போட்டு ரிலீஸே செய்துவிட்டார். கிளப்பில் கூட்டம் குதித்தது. நம்மவரும் போயிருந்தார். ஆடவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று, முன்பின் தெரியாத ஒருவர் காதில் கத்திக்கொண்டிருந்தார்: "அந்த ஸ்னேர் மூணு மில்லிசெகண்ட் பிந்துது, கவனிச்சீங்களா? யார் வாசிச்சாங்களோ!"