வேலியும் கடலும்

கேள்வி: அந்நிய ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு 2024ஆம் ஆண்டில் நம் இலங்கை அரசாங்கம் ஓராண்டுத் தடை விதித்தது, சமுத்திர ஆராய்ச்சிக்கு உகந்த கொள்கைதானா? – வாசகர், நெல்லியடி

பதில்: வேலியின் அருமையை நெல்லியடியாருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை, ஆயினும், வேலியை உயர அடைத்துவிட்டுக் காணியைத் தரிசாக விடுகிறவரை நல்ல கமக்காரர் என்று எவரும் போற்றார். நிலப்பரப்பைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு விஸ்தாரமான பொருளாதாரக் கடல்வலயத்துக்கு உரித்துடைய இத்தேசம், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ‘நாரா’ என்னும் நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போதிய கப்பல்களையும் விஞ்ஞானிகளையும் அளித்து, சோழகத்தையும் வாடையையும் மேனியால் உணர்ந்த பருத்தித்துறை மீனவரின் அநுபவ ஞானத்தையும் அதனோடு இணைத்துக்கொண்டாலன்றி, தடையினால் மட்டும் கடல் நமதாகிவிடாது. பிறர் அளப்பதைத் தடுப்பது காவல். நாமே அளந்தறிவதுதான் ஆட்சி.