லாப்லாந்து வனவாச விசாரம்

ஒரு பொருளைப் பற்றி ஆராயப் புகுமுன் அப்பொருள் உண்டா இல்லையா என்பதை ஐயந்திரிபற நிறுவிவிட வேண்டும் என்பது ஆராய்ச்சி உலகின் மாறா மரபாதலின், பின்லாந்தின் வடகோடியில் விடுமுறையைக் கழிப்பது எங்ஙனம் என்று கூற வந்த யானும், லாப்லாந்து என ஒரு பிரதேசம் இருக்கிறதென்பதை முதற்கண் நிரூபிக்கக் கடமைப்பட்டவனாகிறேன். காட்சி, கருதல், உரை என்னும் மூன்று பிரமாணங்களுள் காட்சியை விலக்கிவிட்டேன். நேரிற் சென்று பார்த்தவர்களுக்குப் பட்சபாதம் உண்டாகிவிடுவதால் அவர்கள் வாக்கு ஆராய்ச்சிக்கு உதவாதென்பது, எதையும் நேரிற் சென்று பாராத நம் பேராசிரியர்கள் நெடுங்காலமாகக் காட்டிவரும் நெறி. கருதலளவை வருமாறு: ஹெல்சிங்கியில் மாலையில் ஏறினால் ரயில் மறுநாள் காலையில் ரோவனியெமியில் நிற்கிறது, இல்லாத ஊரில் ரயில் நில்லாது, ஆகவே ரோவனியெமி உண்டு. ஆயின் அவ்வழியில் பிரயாணிகள் ரயில் கெமியார்விக்கு அப்பால் செல்லாமையால், இனாரி, உட்ஸ்யோக்கி முதலிய ஊர்களின் இருப்பு அநுமானத்துக்கு எட்டாதாகி, பஸ் டிக்கெட் என்னும் ஆப்தவாக்கியத்தாலேயே நிறுவப்பட வேண்டியிருக்கிறது. இவாலோவில் விமான நிலையம் உண்டே எனின், உண்டு. அது அவசரக்காரர்களின் வாதம்.

ரோவனியெமிக்குச் சற்று வடக்கே கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமத்தில் துருவ வட்டத்தைக் கோடாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். வானநூலார் கணக்குப்படி அவ்வட்டம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 15 மீட்டர் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. தீட்டிய கோடு நகர்வதில்லை. மக்கள் கோட்டின்மீது நின்றே படம் எடுத்துக்கொள்கிறார்கள். காலநிர்ணயப் புலவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

இனி, எப்போது செல்வது என்னும் வினா. அப்பிரதேசத்தின் தொல்குடியினராகிய சாமி மக்கள் ஆண்டை எட்டுப் பருவங்களாகப் பகுத்திருக்க, சுற்றுலா நூலார் நான்கென்பர். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஆறென்று சமரசம் காணும் ஒரு சாராரும் விரைவில் தோன்றக்கூடும். குளிர்காலத்தில் கொசு இல்லை. நிரூபணம் வேண்டுவோர், 1999 ஜனவரியில் கித்தில்லாவைச் சேர்ந்த போக்கா என்னும் சிற்றூரில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 51.5 டிகிரியைக் காட்டியதென்பதையும், பின்லாந்தில் பதிவான குளிரில் அதுவே கடுமையானதென்பதையும் நினைவுகூர்க. மார்ச்சு, ஏப்ரலில் வெயிலும் உண்டு, பனியும் உண்டு. சறுக்குக் கட்டைகளில் நடக்கத் தெரிந்தவர்களுக்கு அது பொற்காலம், தெரியாதவர்களுக்கு எலும்பு வைத்தியர் காலம். செப்டம்பரில் பூர்ச்ச மரம் பொன்னிறமாகி, தரையை ஒட்டிய செடிகள் செம்மை பூண்டு, உறைபனி தொடங்கியதும் பூச்சிகள் ஒழிந்து, மீண்டும் இருள் என ஒன்று வந்துவிடுவதால் வடதுருவ ஒளியும் புலப்படும். ஆகவே புத்தியுடையோர் செப்டம்பரில் செல்வர். புத்தியுடையோர்க்குக் கட்டுரை வேண்டாவாதலால், மேல்வருவன யாவும் ஜூலையில் செல்வோரை நோக்கியே எழுதப்படுகின்றன.

மூட்டை: கனமாயிருக்கும்.

பூச்சி மூவகைப்படும். தேங்கிய நீரிற் பிறக்கும் கொசு ஒன்று. ஓடும் நீரிற் பிறந்து, பகலிலே சட்டைக் கைக்குள்ளும் கணுக்காலிலும் ஊர்ந்து புகுந்து கடிக்கும் கருநிறச் சிற்றீ ஒன்று. வலையின் கண்ணிலும் நுழைந்துவிடும் பொடிப்பூச்சி ஒன்று. இம்மூன்றிலும் கடிப்பவை பெண்களே என்று கண்டவர்கள் இயற்கைநூலார். அவ்வுண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்கள் சொல்லவில்லை. வெளிர்நிற ஆடை உடுத்து, தலைக்கு வலையிட்டு, சட்டைக் கையை இறுக்கிக் கட்டி, பள்ளத்தை விட்டுக் காற்று வீசும் மொட்டைக் குன்றின்மேல் கூடாரம் அடிப்பது உசிதம். பனிமான்களும் இம்முறையைக் கைக்கொண்டு கூட்டமாகத் திரள்கின்றன; அங்ஙனம் திரளுவதாலேயே, மேய்ப்பர்கள் கோடையின் நள்ளிரவு வெயிலில் அவற்றை வளைத்துக் கன்றுகளின் காதில் உடைமைக் குறி வெட்டிவிட முடிகிறது. (காட்டில் திரியும் மான் ஒவ்வொன்றுக்கும் உடையவர் ஒருவர் உண்டு. அவரிடம் எத்தனை மான் வைத்திருக்கிறீர் என்று கேட்பது, வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறீர் என்று கேட்பதை ஒக்கும், கேளாதொழிக.) கொசுவின் இப்பொருளாதாரப் பயனை, யான் எழுதக் கருதியிருக்கும் ‘லாப்லாந்து யாத்திரை தீபிகை’யின் இரண்டாம் பாகத்திற் காண்க.

காட்டில் நடப்பதற்கும், ஓரிரவு கூடாரம் அடிப்பதற்கும், பழமும் காளானும் பறிப்பதற்கும் யாருடைய அநுமதியும் வேண்டியதில்லை. அது எல்லார்க்கும் உரிய உரிமை. நெருப்பு மூட்டுவது அவ்வுரிமையில் அடங்காது. அதற்கு நிலத்துக்குரியவரின் சம்மதம் வேண்டும். காட்டுத்தீ எச்சரிக்கை நிலவும் நாட்களில் சம்மதம் இருந்தும் மூட்டலாகாது. ஆகவே சிறிய காஸ் அடுப்பு ஒன்றை உடன்கொண்டு செல்க.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய குடிலதிகாரத்துக்கு வருகிறேன். 1983 இல் நிறுவப்பட்டு ஏறக்குறைய 2,550 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் உர்ஹோ கெக்கோனென் தேசியப் பூங்கா முதலிய வனங்களில், பூட்டும் இல்லாமல் வாடகையும் இல்லாமல், ஓர் இரும்படுப்பும் மரப்பரணும் ரம்பமும் கோடரியும் வைத்த மரக்குடில்கள் வழிப்போக்கர்க்கெனவே விடப்பட்டிருக்கின்றன. ஓரிரவோ இரண்டிரவோ தங்கலாம். போகும்போது அடுத்து வருபவனுக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். இத்தனையும் அறம். ஆயின் அக்குடில்களை ஆளும் தலையாய விதி, பின்வந்தோனுக்கே முதலுரிமை என்பது: முன்வந்தவன் உலர்ந்திருக்கிறான், உண்டிருக்கிறான், சற்றே உறங்கியுமிருப்பான், பின்வந்தவனோ நனைந்து நடுங்கி இனி ஓரடியும் எடுத்துவைக்க இயலாதவன், ஆதலின் இடம் போதாவிடில் முன்வந்தவன் எழுந்து வெளியேறுக என்பது அதன் கருத்து. கூடாரம் கொள்ளாமல் குடிலை மட்டுமே நம்பிச் செல்பவன் கதி என்னாம் என்பது வெளிப்படை.

இவ்விதியின்மீது எழும் ஆசங்கைகள் பல. முதலாவது, கடைசியில் வந்தவன் யார் என்பது நாள் முடிந்த பின்னன்றோ தெரியும்? உட்ஸ்யோக்கியிலோ மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதி வரையில் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. அஸ்தமனம் இல்லாத இடத்தில் நாள் முடிவில்லை. நாள் முடிவில்லாத இடத்தில் கடைசி என்பது இல்லை. ஆகவே மே நடுவில் குடிலுக்குள் நுழைந்தவன் ஜூலை இறுதி வரையில் எவனுக்காவது எழுந்து இடம் விட்டுக்கொண்டே இருப்பான் என்பது பெறப்படும். (தீபிகை, மூன்றாம் பாகம், ஏழாம் அதிகாரம், நான்காம் அடிக்குறிப்பு. அப்பாகத்தில் இதுகாறும் எழுதப்பட்டிருப்பது அவ்வடிக்குறிப்பு ஒன்றே.)

இரண்டாவது ஆசங்கை இதனினும் கடியது. வெளியேற்றப்பட்டவன் நாற்பது அடி நடந்து திரும்பி வந்தால், அவன் இப்போது பின்வந்தோன் ஆகிறானா இல்லையா? ஆகிறான் என்பார் சொல்வழிநிற்போர். விதியில் ‘வந்தோன்’ என்றிருக்கிறதேயன்றி ‘முதன்முறை வந்தோன்’ என்றில்லை. ஆகான் என்பார் பொருள்வழிநிற்போர். களைப்பே உரிமைக்குக் காரணமாதலால், நாற்பது அடியில் களைப்பு உண்டாகாதென்பது அவர் துணிபு. அங்ஙனமாயின் எத்தனை அடியில் களைப்பு உண்டாகும் என்று கேட்டால், அது ஆளைப் பொறுத்ததென்று கூறிப் பொருள்வழிநிற்போர் எப்போதும்போல் நழுவிவிடுகின்றனர். இவ்விடத்தில் கழிப்பறை வேறு குறுக்கிடுகிறது. குடிலின் கழிப்பறை குடிலோடு ஒட்டாமல் சிறிது தூரத்தில் தனியே நிற்பது. ஒருவன் நள்ளிரவில் அங்கே சென்று மீள்வானாயின் அவன் மீண்ட கணத்தில் அனைவர்க்கும் பின்வந்தோனாகி, பரணில் தலைசிறந்த இடத்துக்கு உரியவனாகின்றானன்றோ? அங்ஙனமாயின் பரணிலிருப்போர் ஒருவர்பின் ஒருவராகக் கழிப்பறைக்குச் சென்று வருவதே தத்தம் இடத்தைக் காத்துக்கொள்ளும் ஒரே உபாயமாகும். இதற்குச் சமாதானம், தீபிகைக்கு யான் எழுதவிருக்கும் உரையின்மேல் என் மாணாக்கர் எழுதவிருக்கும் மறுப்புக்கு யான் அளிக்கவிருக்கும் மறுமொழியின் பிழைதிருத்தப் பட்டியலில், ‘சென்றான்’ என்பதைச் ‘சென்றிலன்’ எனத் திருத்திக்கொள்க என்னுமிடத்தில் மிகத் தெளிவாக விளக்கப்பெறும்.

மூன்றாவது, உரிமையை விரும்புவோன் வேண்டுமென்றே பிந்தி வந்தால் என்? ஊசியிலை மரத்தின் பின்னே ஒளிந்திருந்து, தூரதரிசினி வழியே குடிலை நோக்கி, மற்றோர் அனைவரும் நுழைந்துவிட்டனர் எனக் கண்டபின் தள்ளாடி வந்து கதவைத் திறப்பவனை விதி எவ்வாறு தடுக்கும்? இருவர் அவ்வாறு இருவேறு மரங்களின் பின்னே காத்திருப்பின், குடில் இரவெல்லாம் வெறுமையாகக் கிடக்க இருவரும் வெளியிலே கிடப்பர். இக்கேட்டைத் தடுப்பது கொசு. ஜூலை மாதத்தில் மரத்தின் பின்னே அசையாது அரைமணி நேரம் நிற்கவல்ல மனிதப் பிறவி இல்லையாதலின், லாப்லாந்தில் தருமம் நிலைபெறுவது பூச்சிகளாலேயே என்று துணிக. ஒரு புலவன் காலத்தை நிர்ணயிக்க நானூறு பக்கம் எழுதி, ஈற்றில் ‘ஏறக்குறைய’ என்று முடிப்பவர்களை இரண்டிரவு அம்மரத்தின் பின்னே நிறுத்திவைத்தால் நம் மொழிக்கும் இத்தகைய நன்மை விளையக்கூடும்.

குடிலில் உண்மையில் நடப்பதோ வேறு. கதவு திறக்கிறது, நனைந்த ஒருவன் நுழைகிறான், பரணிலிருப்பவர் வாய்திறவாமல் ஒதுங்கி ஒரு முழம் இடம் விடுகிறார், வேறொருவர் அடுப்பின்மீதிருக்கும் காப்பிப் பாத்திரத்தை அவன்பால் நகர்த்துகிறார். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காலுறைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றுள் நீர் சொட்டுவது எவனுடையதோ அவனே பின்வந்தோன். ஈரப் பிரமாணம் என்று யான் பெயரிட்டிருக்கும் இதனை விஞ்சிய சான்று எந்தச் சாசனத்திலும் கண்டிலேன். வந்தவன் விருந்தினர் புத்தகத்தில் தன் பெயரும், நாளும், அடுத்து எத்திசை செல்கிறான் என்பதும் எழுதிவைக்க வேண்டும். வழிதவறினால் தேடி வருவோர்க்கு அவ்வரிகளே துணை. கைப்பேசி பல இடங்களில் அங்கே பேசாது.

இத்துணை விசாரமும் வேண்டாதவர்க்கு எளிய வழியொன்று உண்டு. அப்பூங்காவின் பல குடில்களில் ஒரே கூரையின் கீழ், சுவருக்கு இப்பால் திறந்த பகுதியும் அப்பால் பூட்டிய பகுதியுமாக இரண்டு உள்ளன. பூட்டிய பகுதியில் ஒரு படுக்கையைப் பணம் கட்டி முன்னதாகப் பதிவுசெய்து, சாவியைத் தகவல் நிலையத்தில் பெற்றுக்கொண்டால், முன்வந்தோர், பின்வந்தோர் என்னும் பேதமின்றி எந்நேரத்திலும் சென்று படுக்கலாம். அதைப் பற்றி ஆராய ஒன்றும் இல்லை.