பெயர் மட்டும் விழித்திருக்கும்

கேள்வி: கல்லூரியில் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஆன்லைன் வகுப்பு எடுக்கும் முன் ஒரு வாரப் பயிற்சி கட்டாயமாம். பாடம் தெரிந்தவனுக்குப் பயிற்சி எதற்கு சார்?

பதில்: நேர் வகுப்பில் மாணவர் தூங்கினால் தலை சாயும். திரையில் பெயர் மட்டும் விறைப்பாக விழித்திருக்கும்!

அமெரிக்காவின் எட்எக்ஸ் தளத்தில் வீடியோ பாடங்கள் பார்க்கப்பட்ட சுமார் 69 லட்சம் தடவைகளை அலசிய 2014 ஆய்வு சொல்கிறது: வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பெரும்பாலும் 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. பளபள ஸ்டூடியோவைவிட, மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிய வாத்தியாருக்கே மவுசு என்றும் தெரிந்தது (கோட்டு செலவு மிச்சம்). ஆகவே 50 நிமிடப் பாடத்தை அப்படியே ஏற்றாதீர்கள். நறுக்குங்கள், நடுநடுவே கேள்வி கேளுங்கள்.

பயிற்சியிலும் இதைத்தான் சொல்வார்கள். அநேகமாக, மூன்று மணி நேர உரையாக!