மேற்கே போன அமெரிக்கா: கேள்வி-பதில்

1803-ல் லூசியானா பிரதேசத்தை ஏக்கர் சுமார் 3 சென்ட்டுக்கு அமெரிக்கா வளைத்துப் போட்டதாமே?

நம் ஊரில் ஒரு ஏக்கருக்கு 100 சென்ட். அவர்களுக்கு 3 சென்ட்டுக்கே ஒரு ஏக்கர்! விற்றவர் பிரான்ஸின் நெப்போலியன், வாங்கியவர் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன். குடியிருந்த பழங்குடிகளிடம் தடையில்லாச் சான்று யாரும் கேட்கவில்லை.

செரோக்கி பழங்குடி மக்கள் 'நாகரிகம்' அடையாததால்தான் சொந்த மண்ணிலிருந்து மேற்கே விரட்டப்பட்டார்களா?

சொந்த எழுத்து இருந்தது. 1827-ல் அரசியல் சட்டம், 1828-ல் செய்தித்தாள். 1832-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகூட அவர்கள் பக்கம்தான். குறை ஒன்றே ஒன்று: ஜார்ஜியாவில் அவர்கள் மண்ணில் தங்கம் கிடைத்துவிட்டது.

1838-ல் ராணுவம் வந்து வீடு வீடாகக் கிளப்பியது. முகாம்களிலும் வழியிலும் செத்தவர்கள் சுமார் 4,000 பேர்.

அதே காலத்தில் அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்த ஆண்கள், பெண்ணுரிமைக்கும் ஆதரவுதானே?

1840-ல் லண்டன் அடிமை எதிர்ப்பு மாநாட்டுக்குக் கப்பலேறிப் போன அமெரிக்கப் பெண் பிரதிநிதிகளுக்குக் கிடைத்தது பார்வையாளர் இடம். வாய் திறக்க அனுமதியில்லை. விடுவார்களா? அங்கே சந்தித்துக்கொண்ட லுக்ரீஷியா மாட்டும் எலிசபெத் ஸ்டான்டனும் 1848-ல் அமெரிக்காவின் செனகா ஃபால்ஸில் தாங்களே பெண்ணுரிமை மாநாடு போட்டார்கள். ஓட்டுரிமைத் தீர்மானம் தள்ளாடியபோது எழுந்து முட்டுக் கொடுத்தவர் ஃபிரடரிக் டக்ளஸ், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்.