பொதுச் செயலாளர், சி பிளாக்

தண்டலத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அடியேன்தான். போட்டியெல்லாம் இல்லை, ‘எனக்கு வேண்டாம்’ என்று மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்டு ஆட்களை அள்ளிக்கொண்டு போனபின், மிச்சமிருக்கும் குடிமக்களை நான் ஆள்கிறேன். தண்ணி லாரி நேரம், துணி காயும் கொடி, லிஃப்டில் சைக்கிள் ஏறலாமா என்று எல்லாவற்றுக்கும் சுற்றறிக்கை உண்டு.

இப்பேர்ப்பட்டவனுக்குக் கம்யூனிச நாட்டு நகைச்சுவைப் படங்கள் பார்க்கும் ஆசை வந்திருக்கக் கூடாது. முதலில் எல்தார் ரியாசனோவின் ‘தி ஐரனி ஆஃப் ஃபேட்’. 1976 புத்தாண்டன்று சோவியத் தொலைக்காட்சியில் வந்தது. மாஸ்கோ டாக்டர் ஒருவர் நண்பர்களோடு குடித்துவிட்டு, போதையில் லெனின்கிராடு போய் இறங்குகிறார். மாஸ்கோதான் என்ற நினைப்பில் டாக்சியில் தன் முகவரியைச் சொல்கிறார். அதே தெருப்பெயர், அதே கதவெண், அதே கட்டடம். சாவியும் திறந்துவிடுகிறது! உள்ளே போய்த் தூங்கிவிடுகிறார். தொடக்கத்தில் ஒரு கார்ட்டூன்: ஆர்க்கிடெக்ட் ஆசையாய் வரைந்த கட்டடத்தின் அலங்காரத்தை அதிகாரிகள் ஒவ்வொன்றாக உருவி, வெறும் பெட்டியாக்கித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். எங்களுக்கும் விளம்பரத்தில் நீச்சல்குளம் இருந்தது. சாவி கொடுத்தபோது சம்ப் இருந்தது. அந்தப் பெட்டியை அங்கே அரசாங்கம் ஒதுக்கியது. நான் இருபது வருஷ இ.எம்.ஐ. போட்டு விரும்பி வாங்கினேன்.

வீட்டு அவஸ்தை நம்மூர்ப் படங்களிலும் உண்டு. 1968-இல் பாலசந்தரின் ‘எதிர் நீச்சல்’ படத்தில் ஒண்டுக்குடித்தன வீட்டில் நாகேஷுக்கு மாடிப்படிக்குக் கீழேதான் ஜாகை. அதற்கு சோஷலிசம் தேவைப்படவில்லை.

வினை வந்தது போலந்துத் தொடரால். ஸ்தானிஸ்வாவ் பாரெயாவின் ‘அல்தெர்நாதிவி 4’. வார்சாவில் புதுக் குடியிருப்பு, பொறுப்பாளர் அன்யோவ். குடித்தனக்காரர்களை வேவு பார்ப்பார், அதட்டுவார், மேலிடத்தில் பேர் வாங்கத் துடிப்பார். 1983-இல் முடிந்த தொடரை 1986 வரை ஒளிபரப்பவே விடவில்லை.

“என்னங்க, இந்த ஆளுக்குத் தமிழ் தெரிஞ்சா அப்படியே நீங்கதான்” என்றாள் மனைவி.

மொட்டைமாடியில் வடாம் காயப்போட நான் விதித்த தடையை மனசில் வைத்துப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். சோலார் பேனல், சுகாதாரம், காக்கா என்று காரணங்களை அடுக்கினேன். “அன்யோவும் இப்படித்தான்ப்பா ஆரம்பிப்பாரு” என்றான் பையன்.

ஒருவருக்கொருவர் ஆகாத குடித்தனக்காரர்கள் கடைசியில் ஒன்றுசேர்ந்து அன்யோவைக் கவிழ்க்கிறார்கள். அந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. மனைவி பார்த்துவிட்டாள், எதிர்வீட்டு அக்காவோடு. அன்றிலிருந்து எங்கள் தளத்தில் ஜவ்வரிசி கிளறும் வாசனை. மொட்டைமாடிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் மொத்தமாக எடுத்தால் மலிவு என்று எல்லா பிளாக்குக்கும் ஒரே சாவியில் திறக்கும் பூட்டாக வாங்கிப் போட்டவனும் நான்தான். பி பிளாக் சாவியை வாட்ச்மேனிடம் யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள்.