எனக்கு ஒண்ணு சொல்லி வைங்க

பெட்டை நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவனை யாரும் நலம் விசாரிப்பதில்லை. "குட்டி போட்டுச்சா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும்: "போட்டா எனக்கு ஒண்ணு சொல்லி வைங்க." ஒருநாள் வீட்டுக்கு வாங்க என்கிறோமே, அதைப் போன்ற மரியாதைதான் இது. நிஜமாகவே போய் நின்றால்தான் சிக்கல்.

எங்கள் வெள்ளையம்மா ராஜபாளையம் ரகம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பிறந்ததிலிருந்து யாரிடமும் கடன் வாங்காதவள் மாதிரி ஒரு பார்வை. அவளுக்கு இரண்டு வயது தாண்டியதும் மதுரை திருநகரில் சொல்லி வைத்தவர்களின் கூட்டம் பெருகிவிட்டது. பால்காரர், அயர்ன் கடைக்காரர், எல்.ஐ.சி. ஏஜென்ட், மனைவியின் ஆபீஸ் மேனேஜர், பக்கத்துத் தெரு ரிட்டயர்டு டீச்சர், ஒருமுறை கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவர். என் மனைவி எதையும் எழுதி வைக்கிறவள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ஆண் குட்டிக்கு ஒரு பக்கம், பெண் குட்டிக்கு ஒரு பக்கம் என்று பெயர்களை ஏற்றினாள். பெண் குட்டிப் பக்கத்தில் டீச்சர் பெயர் மட்டும்தான் இருந்தது. நாட்டில் எதுவும் மாறவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டால் காரணங்கள் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். முதல் காரணம் அத்தை. "ஒரு ஈத்தாவது போட்டாத்தான் பொட்டைக்கு உடம்பு நல்லாருக்கும். இல்லாட்டி வயித்துல கட்டி வரும்" என்றார். அதை அப்படியே கால்நடை டாக்டரிடம் ஒப்பித்தேன்.

"யாரு சொன்னது?"

"எங்க அத்தை, டாக்டர்."

"அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"அஞ்சு."

"உடம்பு நல்லாருக்கா?"

சுகர், பிரஷர், மூட்டு வலி, போன வருஷம் பித்தப்பை ஆபரேஷன். நான் பேச்சை மாற்றினேன். அவர் விடவில்லை. ஒருமுறை குட்டி போடுவதால் நாய்க்கு உடம்புக்கு எந்த லாபமும் இல்லையாம். ஆபரேஷன் செய்யாத பெட்டைகளுக்கு, குட்டி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கட்டும் 'பயோமெட்ரா' வரலாம். கருப்பையை எடுத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை. அத்தையிடம் இதைச் சொன்னேன். "அவரு மாட்டு டாக்டர்தானே" என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்தார்.

இரண்டாவது காரணம் மச்சான். இவர் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார், மண்ணைப் பற்றித்தான் பேசுவார். "மாப்ள, இது நாயில்ல, அடையாளம். 2005-ல ராஜபாளையத்துக்கு ஸ்டாம்ப் போட்டான். 2020-ல பிரதமர் 'மன் கி பாத்'ல பேரைச் சொன்னாரு. பாளையக்காரங்க படையில வெள்ளைக்காரனை விரட்டுன நாய். நீ குட்டி எடுக்காம விட்டா வரலாறு உன்னை மன்னிக்காது." படைக்குப் போன கதையை ஊரில் எல்லோரும்தான் சொல்வார்கள். ஆனால் வெள்ளைக்காரனை விரட்டியதும் ஒரு வெள்ளை நாய்தான் என்பதை இவரைப் போல உணர்ச்சியோடு யாரும் சொன்னதில்லை. இத்தனைக்கும் மச்சான் வீட்டில் இருப்பது ஒரு பொமரேனியன். பெயர் ராக்கி.

மூன்றாவது காரணம், மாடி வீட்டு அண்ணாச்சியின் கணக்கு. எட்டுக் குட்டி என்று வைத்துக்கொண்டு, ஒரு குட்டிக்கு இவ்வளவு என்று பெருக்கி, காலண்டர் தாளின் பின்னால் ஒரு தொகை எழுதிக் கொடுத்தார். வரவுப் பக்கம் முழுக்க எண்கள். செலவுப் பக்கத்தில் 'பால்' என்று ஒரே சொல். ஸ்கேன், ஐம்பத்தைந்து நாளுக்குமேல் தலைகளை எண்ண எடுக்கும் எக்ஸ்ரே, கால்சியம், பூச்சி மருந்து, எட்டுக்கும் தடுப்பூசி, குட்டி வெளியே வராவிட்டால் சிசேரியன், இதற்கெல்லாம் நான் போடவேண்டிய லீவு எதுவும் அதில் இல்லை. பிறந்த புதிதில் குட்டிகளின் கழிவைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். திட உணவுக்கு மாறியதும் அந்தப் பொறுப்பை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடும். அண்ணாச்சி அந்தக் கட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினோம் என்றால் அதற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில் இருக்கிறது. பால்கோவா என்றதும் மனைவி காரில் ஏறிவிட்டாள்.

கடுவனின் சொந்தக்காரர் விவரமானவர். பெட்டையைத்தான் கடுவன் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், சொந்த இடத்தில்தான் கடுவனுக்குத் தைரியம் வரும் என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு தடவை சேர்க்க வேண்டும். 'லாக்' விழுந்தால் கால் மணி, அரை மணிகூட ஆகும், பிரித்துவிடப் போகக்கூடாது. சினை அறுபத்து மூணு நாள், இரண்டு நாள் முன்னே பின்னே. கூலியாகப் பணமும் தரலாம், குட்டியும் தரலாம். குட்டி என்றால் முதல் பொறுக்கு அவருடையது. இதையெல்லாம் தாம்பூலத் தட்டு மாற்றுகிற நிதானத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். கடுவன் திண்ணையில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. என்ன கம்பீரம்! என்ன முதுகு!

"பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன், முகத்தைப் பார்க்கலாம்" என்றாள் மனைவி.

கூப்பிட்டார். அசையவில்லை. விசில் அடித்தார். அசையவில்லை. கைதட்டினார். தெருவில் போன ஆடு திரும்பிப் பார்த்தது.

"காது கேக்கும்ல, அண்ணே?" என்றேன்.

"கேக்கும். மதிக்க மாட்டான்."

மதுரை திரும்பும்வரை நானும் மனைவியும் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். ஏனென்றால் வெள்ளையம்மாவும் மதிக்க மாட்டாள். அன்று ராத்திரி அவள் பின்னால் நின்று தட்டைத் தட்டினேன், போனில் ரிங்டோனை அலறவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுக்களையில் மனைவி பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மறுகணம் வெள்ளையம்மா அங்கே இருந்தாள்.

அப்பாடா என்று டாக்டரிடம் போனால், அவர் அதற்கும் சிரித்தார். பிஸ்கட் சோதனை செல்லாதாம். ஒரு காது மட்டும் கேட்கிற நாய் வீட்டில் எந்த வித்தியாசமும் காட்டாது. ஆனால் குட்டிகளுக்கு அந்தக் குறையைக் கடத்திவிடலாம். கேட்பதற்கு உட்காதில் நிறமிச் செல்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால், குட்டியின் காதுத் துளை திறந்து கொஞ்ச நாளிலேயே, கேட்கும் நரம்பு முனைகள் உள்ளே மடிந்துவிடும். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு ரோஸ் என்றால் நிறமி ஏற்கெனவே குறைவு என்று அர்த்தம். புள்ளி விழுந்த குட்டி, பழுப்புக் குட்டி எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி, பால் வெள்ளை மட்டுமே அசல் என்று நாம்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இந்த ரகத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது நாய் வளர்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். உறுதியாகத் தெரியவேண்டுமென்றால் 'பெரா' டெஸ்ட் எடுக்க வேண்டும், கைக்குழந்தைகளுக்கு எடுக்கிறார்களே, அதே டெஸ்ட். அதோடு, குட்டிகளை விற்பதாக இருந்தால் நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 விதிகளின்படி பதிவு வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கக்கூடாது என்று ஒரு பட்டியலையும் வாசித்தார். அண்ணாச்சியின் காலண்டர் தாளில் இடம் போதாது.

அன்று மாலை மனைவி பால் நோட்டை எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "குட்டிக்குக் காது கேக்காமப் போனாலும் போகலாம். பன்னிரண்டு வருஷம் வச்சுப் பார்த்துக்கணும். முடியலைன்னா தெருவில விடாம எங்ககிட்டயே கொண்டுவந்து தரணும். சம்மதமா?"

கேஸ் அடுப்புக்காரருக்கு எங்களை நினைவில்லை. மேனேஜருக்கு டிரான்ஸ்ஃபர் வரப்போகிறதாம், எப்போது என்பது அவருக்கே தெரியாது. அயர்ன் கடைக்காரர் ஒருவர்தான் நேர்மையாகப் பேசினார்: "ஒத்தை ரூம்மா, ஓனர் விடமாட்டாரு. சும்மா ஆசைக்குச் சொன்னேன்." எனக்கு இருபது வருஷ பாலிசியைத் தலையில் கட்டிய எல்.ஐ.சி. ஏஜென்ட், பன்னிரண்டு வருஷம் என்றதும் மிரண்டுவிட்டார். "அவ்வளவு நீண்ட காலத்துக்கு இப்பவே எப்படி மேடம் வாக்குக் கொடுக்கிறது?"

பால்காரர் ரொம்ப நேரம் யோசித்தார். "காவலுக்குத்தான் கேட்டேன். காது கேக்காத நாய் திருடன் வந்தா என்ன செய்யும்?"

"கடிக்கும்" என்றாள் மனைவி. "குரைக்காது, அவ்வளவுதான்." அவர் நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

கடைசியாக டீச்சர். அவரிடம் கேள்வியை இரண்டு முறை சொல்லவேண்டி வந்தது. "காது கேக்கலைன்னா என்னம்மா? எனக்குந்தான் கேக்கலை. கையைக் காட்டினா வரப்போகுது" என்றார். செவிட்டு நாய்கள் கைச்சாடையை நன்றாகவே கற்றுக்கொள்ளும் என்பதை டாக்டர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

ஆக, ஒரு குட்டிக்கு வழி பிறந்தது. மிச்சக் குட்டிகள் எங்கள் தலையில். "ஒண்ணே ஒண்ணு மட்டும் போட வைக்க முடியாதா டாக்டர்?" என்று மனைவி கேட்டே விட்டாள். முடியாது என்றதோடு, ஒற்றைக் குட்டிதான் ஆபத்து, சரியாக வலி எடுக்காமல் சிசேரியனில் கொண்டுபோய் விட்டுவிடும் என்றும் சேர்த்துச் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது. ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வெள்ளையம்மாவுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் மாட்டிய கூம்போடு அவள் எல்லாக் கதவையும் இடித்துக்கொண்டு திரிந்த நாட்களில் அத்தை எங்கள் வீட்டில் காபி குடிக்க மறுத்தார். மச்சான் மட்டும் வழக்கம்போல வந்தார். ஆபரேஷன் தழும்பைப் பார்த்து, "ஒரு பாளையமே முடிஞ்சு போச்சு மாப்ள" என்றார்.

டீச்சருக்குக் குட்டி கிடையாது என்று சொல்ல எங்களுக்குத்தான் சங்கடமாக இருந்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் கருப்பி என்கிற தெருநாய் ஆறு குட்டி போட்டிருந்தது. எங்களிடம் சொல்லி வைத்தவர்கள் அத்தனை பேரும் தினமும் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். குட்டிகள் பால் மறந்ததும் டீச்சர் ஒரு சாக்கை விரித்து இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்று மட்டும் என்றால் ராத்திரி அழுமாம். இரண்டுமே பெட்டை. கால்நடை ஆஸ்பத்திரியில் தடுப்பூசிக்கும் பின்னால் ஆபரேஷனுக்கும் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் அந்தப் பக்கம் போனோம். வாசலில் இரண்டும் டீச்சரின் செருப்பைப் பங்கு போட்டுக் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்று செவலை. மற்றது என்ன நிறமென்று முடிவு செய்யாத நிலையில் இருந்தது. நாட்டு இன ஆர்வலர் அல்லவா, மச்சான் குனிந்து ஒன்றின் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன ரகம் டீச்சர்?" என்று கேட்டார்.

டீச்சர் அன்றைக்குக் காதில் மெஷின் மாட்டியிருக்கவில்லை.

"ரசமா? அதெல்லாம் நாய்க்கு ஊத்தக்கூடாது தம்பி, வயித்துக்கு ஆகாது. தயிர்சாதம்தான்."