ஜெனிஃபர் எந்த அதிகாரம்?

கேள்வி: எங்கள் தெருவில் மூன்று ஜெனிஃபர்கள். பைபிளில் இந்தப் பெயர் எந்த அதிகாரத்தில் வருகிறது? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தின விசேஷம் வரை சல்லடை போட்டாலும் அகப்பட மாட்டாள். இவள் பிரிட்டனின் ஆர்தர் ராஜா கதைக்காரி. ராஜாவின் மனைவி குவினவியர். அந்தப் பெயர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி மக்கள் வாயில் புகுந்து ஜெனிஃபர் ஆனது. மூலம் வேல்ஸ் மொழி. முதல் பாதிக்கு 'வெண்மை' என்று பொருள். மறுபாதி 'மாய உரு' என்கிறார்கள். ஆக, வெள்ளை மோகினி! (ஞானஸ்நானம் கொடுத்த ஃபாதரிடம் சொல்லிவிடாதீர்கள்.) போதாக்குறைக்கு, அந்த ராணிக்குக் கணவனின் முதன்மை வீரன் லான்சலாட் மேல் காதல் வேறு.

கார்ன்வாலோடு கிடந்த பெயரை லண்டன் மேடைக்கு ஏற்றியவர் பெர்னார்ட் ஷா. 1906இல் அரங்கேறிய 'தி டாக்டர்ஸ் டைலமா' நாடகத்தின் நாயகி ஜெனிஃபர். அன்றைக்கு ஆங்கிலேயர் காதுக்கே அது புதுசு. நாடகத்துக்குள்ளேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அமெரிக்கா பிடித்துக்கொண்டது. 1970 முதல் 1984 வரை, தொடர்ந்து 15 வருஷம், அங்கே பெண் குழந்தைப் பெயர்களில் இதற்குத்தான் முதலிடம். பள்ளிக்கூட டீச்சர்கள் இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்டுத்தான் சமாளித்தார்கள்.